லைனில் வந்த அண்ணன்

போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம், எனக்கு ஸ்டுடியோவில் இருப்புக்கொள்ளவில்லை.

என்றைக்குத்தான் இருப்புக்கொண்டது என்று கேட்பீர்கள். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அவஸ்தை தெரியும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், இரண்டே அறையில் நடக்கிற குட்டி எஃப்.எம். எங்களுடையது. கன்னடப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, நடுவில் கொஞ்சம் இந்தி. அல்சூர் தாண்டினால் கரகரக்கும். தூரத்தில் இருப்பவர்கள் மொபைல் ஆப்பில், அரை நிமிஷம் தாமதமாகக் கேட்பார்கள். அதற்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நான்.

பொறுப்பு என்றால் வேறொன்றுமில்லை. அடுத்த பாட்டு என்ன என்கிற பயம். ஒன்று ஓடும்போதே அடுத்ததை மாற்றுவேன். மாற்றியதை மறுபடி மாற்றுவேன். மெலடிக்குப் பின்னால் குத்துப்பாட்டு வைக்கலாமா... கன்னடம் வரிசையாக மூன்று வந்துவிட்டதா... இந்த நிமிஷம் எவர் வீட்டில் ரேடியோவை அணைக்கிறார்களோ? இந்தப் பதைப்புக்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

புதன் மதியம் நேயர் விருப்பம். நேரலை. மைக்கில் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம். எங்கள் சவுண்ட் இன்ஜினியர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பாட்டை ஏற்றுவது, இறக்குவது, போனில் வருகிறவர்களை ஒலிபரப்பில் சேர்ப்பது எல்லாம் அவர் விரலில்தான்.

ரேடியோவுக்கு வருவதற்கு முன்னால் அவரும் அவருடைய அண்ணன் அந்தோணியும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார்கள். அண்ணன் பாட்டு, தம்பி சவுண்ட். கண்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு திருவிழா மேடையில் அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் பிசிறியது. தம்பி சட்டென்று அண்ணனின் மைக் சத்தத்தை இறக்கி, கோரஸை ஏற்றிவிட்டார்.

காப்பாற்றத்தான் செய்தார். ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போது தன் குரலே தனக்குக் கேட்காமல் போனால் ஒரு பாடகருக்கு எப்படி இருக்கும்?

அண்ணன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். “என் வாயை மூட வெளியாள் எதுக்கு, என் தம்பி இருக்கானே” என்று மைக் இல்லாமலே முன்வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

அதோடு குழு போயிற்று. பேச்சும் போயிற்று. அண்ணன் ஒக்கலிபுரத்துக்குக் குடிபோனார். வீட்டு விசேஷங்களில் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். இத்தனையும் எனக்கு ஆரோக்கியத்தின் மனைவி சொல்லித்தான் தெரியும். ஆரோக்கியம் இது பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்ட பாட்டு முடிந்தது. அடுத்த அழைப்பு. யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்தோணிங்க. ஒக்கலிபுரம்.”

பெங்களூரில் அந்தோணிகளுக்கா பஞ்சம்? நான் யோசிக்கவே இல்லை. என்ன பாட்டு வேண்டும் என்றேன்.

“பாட்டு எதுவும் போட வேணாம் மேடம். நானே ரெண்டு வரி பாடறேன்.” குரலைத் தாழ்த்தினார். “சவுண்டுல இருக்கறவரு விட்டாருன்னா.”

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆரோக்கியம் தலையைக் குனிந்திருந்தார். போன் லைனை ஏற்றி இறக்குகிற ஃபேடர் மேல் அவர் விரல் அப்படியே நின்றிருந்தது.

இவர் அந்த அண்ணன் அந்தோணிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் லைனை வெட்டிவிட்டால்? அவர் நேரலையில் பழசையெல்லாம் எடுத்துத் திட்டினால்? வெட்டிவிடலாமா என்று கையால் சைகை காட்டினேன். ஆரோக்கியம் என்னைப் பார்க்கவில்லை. என் ஹெட்போனில் மட்டும் அவர் குரல் வந்தது.

“பாடட்டும் மேடம்.”

அந்தோணி பாடினார். அவர்கள் குழு எல்லாக் கச்சேரியிலும் முதலில் பாடுகிற பாட்டாம் அது, பிறகுதான் தெரிந்துகொண்டேன். குரலில் வயது ஏறியிருந்தது. முதல் வரி சமாளித்துவிட்டார். இரண்டாவது வரி மேலே போக வேண்டும். மூச்சு இழுத்தது, குரல் நடுங்கியது.

ஆரோக்கியத்தின் விரல் நகர்ந்தது. போச்சு, இறக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

இறக்கவில்லை. பக்கத்திலிருந்த எக்கோவை மெல்ல ஏற்றினார். ஒரு பெரிய மண்டபத்துக்குள் நின்று பாடுவது போலக் குரல் விரிந்தது. நடுக்கம் அதிலேயே கரைந்து போயிற்று. வரியை முழுசாகப் பாடி முடித்தார்.

நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் ஆரோக்கியம் தன் மைக்கைத் திறந்தார். ஒலிபரப்பில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

“மூச்சு வாங்குதேண்ணா. மாத்திர ஒழுங்கா போடறியா?”

“போடறேன்டா.” அந்தப் பக்கம் ஒரு போனில் அவர் பாடியதே தாமதமாக மறுபடி கேட்டது. பிறகு, “உங்க அண்ணி போன்ல இப்பத்தான் என் பாட்டு வருது. எக்கோ வெச்சியா?”

“கொஞ்சம்.”

“இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கலாம்.”

அவ்வளவுதான் பேசினார்கள். மனுஷர்கள் சண்டை முடிந்ததும் மன்னிப்புக் கேட்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிறோம். எங்கே கேட்கிறார்கள்? மாத்திரை போட்டாயா என்றுதான் கேட்கிறார்கள்.

ஆரோக்கியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டைப் போட ஆளில்லை. நான் அந்த அறைக்கு ஓடி, கைக்கு வந்த பட்டனை அமுக்கினேன். அண்ணன் தம்பி சேர்ந்த அந்தக் கனமான நேரத்தில், பெங்களூர் நேயர்களுக்கு நான் வழங்கியது செம குத்துப்பாட்டு.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. “சக்கத்தாகித்து, யாரு அவரு?” என்று, பிரமாதமாக இருந்ததாக ஒருவர் கன்னடத்தில் மெசேஜ் அனுப்பியிருந்தார். பாடியவரை மறுபடி பாடச் சொல்லுங்கள் என்று இன்னும் சிலர். ஆரோக்கியம் அன்றைக்கு ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பி ஒக்கலிபுரம் போனார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சர்ச் பூசைக்குப் போனதாக அவர் மனைவி போன் செய்து சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது அந்தோணி தினமும் மதியம் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுகிறார். தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் போடுகிற பாட்டு வரிசை சரியில்லை என்கிறார். தனக்கு வாரம் ஒரு மணி நேரம் வேண்டுமாம். ட்ரெபிளை ஏற்று என்று அவர் சொல்ல, முடியாது என்று தம்பி சொல்ல, இருவரும் போடுகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி என் மைக்கில் விழுகிறது.

அவர்கள் பேசாமல் இருந்த காலத்தில் ஸ்டேஷன் எவ்வளவு நிம்மதியாக இருந்தது, தெரியுமா?