பானைத் தண்ணீர்

நோய் வந்தவர்களை ஊர் எவ்வளவு ஒதுக்குகிறது என்று கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. ஒதுக்கம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். போன கோடையில் ஓடைப்பட்டியில் ஓர் அக்காவைப் பார்த்தேன். தொழுநோய் குணமாகிவிட்டது, விரல்கள் மட்டும் மடங்கிப்போயிருந்தன.

"உங்க வீட்டுல கை நனைக்க யாரும் மறுத்தாகளா அக்கா?"

"இல்ல தாயி."

எல்லாக் கேள்விக்கும் அதே பதில்தான். மதிப்பெண் பூஜ்யம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெயிலில் நாக்கு வறண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அக்கா கடைக்குப் போய், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிவந்து நீட்டினார். மூலையில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது.

"இந்தப் பானைத் தண்ணியே குடுங்கக்கா. நான் குடிப்பேன்."

"நீங்க குடிப்பீக தாயி, தெரியும். குடிச்சுட்டுப் போயிருவீக. அப்புறம் வாரவுக எல்லாருக்கும் குடுக்கணும்னு எனக்கு ஆசை வந்துரும்."

யாரும் மறுத்துவிடக் கூடாதென்று அவர் யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லை. பூஜ்யம் என்றே அனுப்பிவைத்தேன். அவர் சொன்ன பதில் அதுதானே.

இப்போதெல்லாம் ஒரு வீட்டில் 'இல்லை, இல்லை' என்றே பதில் வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. தண்ணீர் கேட்கவும் வாய் வருவதில்லை.