லால்குடியிலிருந்து ஒரு மூட்டை உமிக்கரி

உமிக்கரி வாங்கப் போகும்போது வெள்ளைச் சட்டை அணிவதா, காக்கிச் சட்டை அணிவதா என்ற கேள்வி, அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி வியாழக்கிழமை காலை என் முன் நின்றது. இரு தரப்பையும் நிதானமாகக் கேட்டபின் வெள்ளைக்கே தீர்ப்பளித்தேன். வீட்டில் யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

உமிக்கரி தேவைப்பட்டதற்குக் காரணம், ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டுக் கிணறு. அந்த வருஷ வெள்ளத்துக்குப் பிறகு அதில் சேற்று வாடை போகவில்லை. காவிரியோ செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பெண் வேதவல்லியைப் பார்க்க வந்த குடும்பம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தது. பிறகு தகவலே இல்லை. அடுத்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உறையூரிலிருந்து வருவதாக இருந்தது. தண்ணீரை மணலிலும் உமிக்கரியிலும் வடிகட்டினால் வாடை போகும் என்பது என் யோசனை. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"புழுங்கல் நெல் உமி வேண்டாம்டா. அது அவிச்ச நெல்லு, பத்து; சோத்தைத் தொட்ட மாதிரி, மடிக்கு ஆகாது. அதுவழியா இறங்கற தீர்த்தமும் பத்துதான்."

காலை ஏழரைக்கு பஸ். கொள்ளிடம் பாலம், டோல்கேட் வழியாக லால்குடிக்குப் பன்னிரண்டு மைல், முப்பத்தைந்து நயா பைசா. அங்கே அரிசி மில்லில் நெல் அவிக்கும் அடுப்பே உமியில்தான் எரிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி காளிமுத்துவிடம் நிபந்தனையைச் சொன்னேன்.

"உமிக்குமா ஆச்சாரம்? மெஷினுக்குத் தெரியாதுங்களே!"

"எங்க அத்திம்பேருக்குத் தெரியும்."

"அப்ப இருங்க. அடுத்து பச்சரிசி அரைவைதான்."

பதினொரு மணிக்குப் பச்சரிசி உமி கிடைத்தது. காளிமுத்து ஓட்டை போட்ட தகரக் குழாயை நடுவில் நிறுத்தி, அடியில் நெருப்பு வைத்து, சுற்றிலும் உமியைக் குவித்தார். தழல் எழாமல் நாலு மணிவரை புகைந்து கறுத்தது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். விட்டால் வெள்ளைச் சாம்பல், பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும். வாளியைத் தூக்கியவர் நின்றார்.

"நான் ஊத்திடுவேன். யார் கைத் தண்ணின்னு உங்க அத்திம்பேர் கேட்டா என்ன சொல்வீங்க? நீங்களே ஊத்துங்க சாமி."

ஊற்றினேன். ஒரு பிடிகூடச் சாம்பலாகவில்லை; இதை இன்றும் பெருமையாகவே சொல்வேன். சட்டை காக்கியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "இதுல மூட்டை எது சார், நீங்க எது?" என்றார். இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

அக்கா வீட்டில் மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்: மேல் பானையில் மணல், நடுவில் கரி, கீழே காலிப் பானை. முதல் இரண்டு குடமும் மையாக இறங்கின. "இதுக்குக் கிணறே தேவலை" என்றார் அத்திம்பேர். மூன்றாவது தெளிந்து வந்தது; வாடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தகப்பனார் காபியை முழுக்கக் குடித்தார். பிறகு தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"காவிரி இப்படி ஓடறதே, எங்கேர்ந்து இந்தத் தீர்த்தம்?"

"நம்மாத்துக் கிணறுதான்" என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையில் பாதி எனக்குரியது என்று கணக்கிட்டேன்.

நீங்களும் முயல்வதானால்: ஈரக் கரி கனக்கும், ஒரு மணி நேரம் வடியவிட்டு மூட்டை கட்டுங்கள். மாதம் ஒருமுறை கரியை மாற்றுங்கள். வாடைதான் போகும், கிருமி போகாது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிவிடுங்கள். சட்டை விஷயம் அவரவர் மனசாட்சிக்கு.

உறையூர்க்காரர்கள் சீரில் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மூன்று பானைகளை மட்டும் கேட்டார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. பானைகள் வேதவல்லியோடு உறையூர் போயின. அதற்குள் காவிரி தெளிந்திருந்தது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனாள்.