மாமா ஹை ரிஸ்க்

கொரோனா காலத்தை இப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். கேரம் ஆடினோம், புரோட்டா போடக் கற்றுக்கொண்டோம் என்று. கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்குக் கொரோனா வரவே இல்லை. வந்தது அக்கறை.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அடுத்ததும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஊரடங்கு போட்டார்கள், பஸ் நின்றது.

எதிர் வீடு என் தம்பியுடையது. கார் வைத்திருக்கிறான். முதல் தடவை அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். அதற்குள் டிவியில், வயதானவர்களுக்கும் சர்க்கரை, கிட்னி என்று இருப்பவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம் என்று ஓயாமல் சொல்ல ஆரம்பித்தார்கள். தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, மாமா ஹை ரிஸ்க். ஆஸ்பத்திரி பூரா கொரோனா. என்னால அவருக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா நான் தாங்க மாட்டேன்க்கா.”

“டயாலிசிஸ் இல்லன்னா ஆளே இருக்க மாட்டாருடா!”

“ரெண்டு நாள் பாக்கலாம். தண்ணி கம்மியா குடு.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனும் பிள்ளைகுட்டிக்காரன், புரிந்துகொண்டிருப்பேன். தன் பயத்துக்கு என் புருஷன் பெயரை வைத்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெருவும் சேர்ந்துகொண்டது. அவர் வாசலுக்கு வந்தாலே, “உள்ள போங்க மாமா, நீங்க ஹை ரிஸ்க்” என்று எட்ட நின்று கத்துவார்கள். “என்னாடி இது, எனக்குப் பட்டமே குடுத்துட்டானுங்க” என்று அவர் சிரிப்பார். அந்த வாரம் ஒரு டயாலிசிஸ் தவறியது. இரண்டு காலும் வீங்கிவிட்டன.

லால்பேட்டையில் அவருக்கு ஒரு சிநேகிதர். இருவரும் சவுதியில் ஒரே ரூமில் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள். விஷயம் கேள்விப்பட்டுப் போன் பண்ணினார். “தங்கச்சி, என் வேனுக்குப் பாஸ் இருக்கு. காலையில வர்றேன், மச்சானை ரெடி பண்ணி வையி.”

காலையில் அவருக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்தேன். வெயில் ஏறியும் வேனைக் காணோம். போன் அடித்தால் முதலில் அந்தக் கொரோனா விளம்பர இருமல், அப்புறம் கை கழுவச் சொல்லிப் பாடம். எல்லாம் முடிந்துதான் அவர் குரல் வந்தது.

“வந்தேன் தங்கச்சி. தெருமுனையில சவுக்குக் கட்டை கட்டி வச்சிருக்காங்க. லால்பேட்டைன்னதும், வேணாம் பாய், உங்களாலதான் பரவுதுன்னு திருப்பி விட்டுட்டாங்க. ஒன் தம்பியும் அங்கதான் நின்னாரும்மா.”

பால் வண்டிக்கு அந்தக் கட்டையை அவிழ்ப்பார்கள். மளிகை வண்டிக்கும் அவிழ்ப்பார்கள். எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

“அடப்பாவி, வந்த வண்டிய ஏண்டா திருப்பி அனுப்புன?”

“மாமா நல்லதுக்குத்தான்க்கா. வாட்ஸ்அப்ல பாக்கலியா நீ? அவுங்களாலதான் ஜாஸ்தியாவுது.”

“ஒன் வாட்ஸ்அப்புல இடி விழ!”

நாளைக்கு நானே அவரைத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டி வருகிறேன் என்று சிநேகிதரிடம் சொன்னேன். சரி என்றார். ஆனால் சாயங்காலமே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கால் வீக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மூச்சுத் திணறல் என்றதுமே கொரோனா சந்தேகம் என்று தனி வார்டில் போட்டு, மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ரிசல்ட் வந்த பிறகுதான் டயாலிசிஸ் என்றார்கள். டயாலிசிஸ் வார்டில் இருக்கும் மற்ற நோயாளிகள் எல்லாம் ஹை ரிஸ்க்காம்.

“இது தண்ணி ஏறுன மூச்சுய்யா, கொரோனா இல்லய்யா!” என்று கத்தினேன். தள்ளி நில்லும்மா என்றார்கள். ரிசல்ட் வருவதற்குள் அவர் போய்விட்டார். கடைசி நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றக்கூட என்னை விடவில்லை.

ரிசல்ட் இல்லாமல் உடம்பைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி காரில் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். மத்தியானத்துக்கு மேல் ஒரு நர்ஸ் வந்து ரிசல்ட்டைச் சொன்னார். அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததே, அதை என் கட்டை வேகும் வரைக்கும் மறக்க மாட்டேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நெகட்டிவ்க்கா! நெகட்டிவ்!”

உடனே தெருவுக்குப் போன் போட்டான். “யாரும் பயப்படாதீங்க, தாராளமா வரலாம். மாமாவுக்கு ஒண்ணுமில்ல, வெறும் கிட்னிதான்.”