அஷ்டமியில் நேரம் குறித்த தூக்குப் பாலம்

திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குப் போகிறேன் என்று ஆபீஸில் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, ஆத்தூருக்குக் கிழக்கே ஆறு கடலில் சேரும் கழியின் மேல் உள்ள தூக்குப் பாலத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. டில்லியில் தர்பார் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் தர்பார் பேச்சு. நான் மட்டும் போகிற இடமெல்லாம் பாலத்தைப் பற்றிப் பேசி, என்னைக் கண்டால் ஜனங்கள் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகும்படி செய்திருந்தேன்.

காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஆபீஸின் பெயர் வேண்டாம். என் பெண்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பாலத்தின் நடுப்பகுதியைச் சங்கிலி சுற்றித் தூக்கினால் கீழே வள்ளங்கள் கடலுக்குப் போகும். இறக்கினால் மேலே வண்டிகள் போகும். சக்கரம் சுற்ற நான்கு ஆட்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நாள் முழுவதும் உட்கார நான்கு ஆளுக்குக் கூலியா என்று மேலதிகாரிக்கு வயிறு எரிந்தது. (நாங்கள் உட்காருவது வேறு விஷயம்.) ஓர் ஓவர்சியர் போய் ஒருநாள் முழுவதும் பாலத்தடியில் நின்றார். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும்தான் வள்ளங்கள் வருகின்றன, மற்ற நேரம் ஈ காக்கை இல்லை என்று வந்து சொன்னார். அதன்மேல் உத்தரவு எழுதியவன் நான். காலை ஆறரை முதல் ஏழரை, மாலை ஆறரை முதல் ஏழரை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஆட்கள் வந்தால் போதும். அதிகாரி படித்துவிட்டு "பேஷ்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அது இரண்டாவது பேஷ். முதலாவது, அவர் வீட்டுக் கல்யாணத்து ஜாங்கிரிக்கு. அதை நான் செய்யவில்லை, எடுத்துக்கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். உத்தரவு மூன்று பாராவில் முடிந்துவிட்டது. காகிதத்தில் கால்வாசி வெறுமையாக நின்றது. எனக்கு அது பொறுக்காது. "ஆபீஸ் சிப்பந்திகள் பிரயாணம் செய்யும் வள்ளத்துக்கு, அவர்கள் கையெழுத்துச் சீட்டின்பேரில், எந்நேரமும் பாலம் தூக்கப்படும்" என்று நாலாவது பாரா ஒன்று சேர்த்தேன். எங்கள் ஆபீஸில் யாரும் வள்ளத்தில் ஏறினதாகச் சரித்திரம் இல்லை. பக்கம் நிறைந்தது; அழகாக இருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வில்வண்டி, போகவர நான்கு ரூபாய் எட்டணா, மாட்டுத் தீனி நம் பொறுப்பு. வண்டிக்காரர் சுடலைமுத்து என் வயதுக்காரர், கேட்ட விஷயத்தை மறக்காதவர். இந்த இரண்டாவது குணம் அப்போது எனக்குத் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் பதினெட்டு மைல். வழியில் இரண்டு இடத்தில் மாடு அவிழ்த்து, பகல் ஒரு மணிக்குச் சேர்ந்தோம். சத்திரத்தில் அன்று தங்கல். இலவசம்தான், மூட்டைப்பூச்சிகளும் அதே தர்மத்தில் வளர்கின்றன. பத்தமடைப் பாய் சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது.

மறுநாள், அதாவது மாசி மகத்துக்கு முந்தின நாள், காலை ஆறுக்குப் புறப்பட்டு ஏரல் வழியாகப் பத்து மைல். பதினொரு மணிக்கு ஆத்தூர். அங்கே கிளப்பில் சாப்பாடு இரண்டணா. ரசம் உண்டு, ருசி உண்டு, உட்கார இடம் இல்லை. ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால். அதற்குள் பாலத்து உத்தரவைப் பற்றிச் சுடலைமுத்துவிடம் எட்டுத் தடவை சொல்லியிருந்தேன். ஒன்பதாவது தடவை ஆரம்பித்தபோது அவர் மாட்டை முடுக்கினார்.

மூன்று மைல் தாண்டிக் கழி வந்தது. பாலத்துக்கு நூறு கஜம் முன்பே கூச்சல் கேட்டது. வண்டியை விட்டு இறங்கி, முதலில் தண்ணீரைப் பார்த்தேன். ஒரு தேங்காய் மட்டை மேற்கே போய்க்கொண்டிருந்தது.

குறுக்குத்துறை ஆற்றில் குளித்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஆறு மேற்கே மலையில் பிறந்து கிழக்கே ஓடும். வேறு வேலை அதற்குக் கிடையாது. இங்கே ஆறு வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மட்டை இன்னும் கொஞ்சம் மேற்கே போயிருந்தது.

பாலத்தடியில் ஒரு வள்ளம், நிறைய ஈரச் சாக்கு மூடிய வெற்றிலைக் கட்டு. அதன் சொந்தக்காரர் சந்தியாகு இடுப்பளவு தண்ணீரில் நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மேலே பாலக்காரர் ஞானமுத்து, ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் காகிதம். தூரத்திலேயே கையெழுத்து தெரிந்தது. நல்ல கையெழுத்து.

"பாலத்தைத் தூக்கும் வே! இன்னும் அரை மணியில தண்ணி எறங்கப் போவுது!"

"மணி என்ன? பன்னெண்டே முக்கா. உத்தரவு என்ன? ஆறரை. படிச்சுக் காட்டட்டா?"

"நாலு வாட்டி படிச்சாச்சு. ஆறரைக்கு இங்கன நண்டுதான் நடக்கும். முகத்துவாரத்து மணல்ல வள்ளம் குந்திக்கிடும்."

"அப்பம் காலையில ஆறரைக்கு வந்திருக்கணும்."

"காலையிலயும் இதே நண்டுதான் வே! உம்ம கடிகாரத்தைப் பாத்தா கடலு ஏறுது?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏன், ஆறரைக்குத் தண்ணீர் இருந்ததே?" என்று கேட்டுவிட்டேன்.

சந்தியாகு என் தலைப்பாகையைப் பார்த்து, கடல் அறியாத உள்நாட்டான் என்று கண்டுகொண்டு, கோபத்தைக் கொஞ்சம் குறைத்தார். "அது அஷ்டமிக்கு அண்ணாச்சி. கடல் தண்ணி ஏறினாத்தான் வள்ளம் வெளிய போக முடியும். அஷ்டமிக்கு ஆறரைன்னா மறுநாள் ஏழேகா, அடுத்த நாள் எட்டு. சந்திரன் தெனம் ரெண்டு நாழிகை பிந்துதுல்லா, அதுகூடவே தண்ணியும் பிந்தும். அமாவாசை பௌர்ணமிக்கு உச்சி வேளை. எங்க வீட்டு நாய்க்குத் தெரியும் இது. உத்தரவு எழுதின மகராசனுக்குத் தெரியல."

நம்மவர்கள் அஷ்டமியில் நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். எங்கள் ஓவர்சியர் சீர்திருத்தக்காரர்.

சுடலைமுத்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டும்" என்றேன். "உப்புத் தண்ணியையா?" என்றார். போகவில்லை.

சந்தியாகு சாக்கை விலக்கிக் காட்டினார். வெற்றிலை பச்சைப் பசேலென்று இருந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு பெரிய தோணி நங்கூரம் போட்டு நிற்கிறது. சாயந்தரம் பாய் விரித்துவிடும். இந்த உத்தரவு வந்தபிறகு இரண்டு தடவை தோணி தவறி, இரண்டு தடவையும் சரக்கு மஞ்சளாகிக் கழியில் கொட்டியிருக்கிறது. இன்றும் தவறினால் கொடிக்கால்காரர்கள் தூத்துக்குடிக்கு வண்டியில் அனுப்பிக்கொள்வார்கள், சொல்லிவிட்டார்கள். "அப்புறம் இந்த வள்ளத்தை விறகுக்குத்தான் ஒடைக்கணும். எங்க அப்பன் எனக்கு வச்சது இது ஒண்ணுதான்."

"தூக்கினா எனக்கு வேலை போயிரும்லா?" என்றார் ஞானமுத்து. அவரும் பொய் சொல்லவில்லை. மூன்றாவது பாராவில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மட்டை இப்போது நகரவில்லை. தண்ணீர் நின்றுவிட்டது. இனி அது கிழக்கே திரும்பும்.

"நாலாவது பாராவைப் படியும்" என்றேன்.

"அதை யாரும் கேட்டதில்லையே" என்று ஞானமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஆபீஸ் சிப்பந்திகள்... சரி. இங்கன சிப்பந்திக்கு எங்க போக?"

"இந்தா நிக்காருல்லா!" என்றார் சுடலைமுத்து. பதின்மூன்று மைலாக அடக்கி வைத்திருந்தது. "எழுதினதே இவருதான் வே. எட்டு வாட்டி என்கிட்ட ஒப்பிச்சுட்டாரு."

வேடிக்கை பார்க்க நின்ற நான்கைந்து வண்டிக்காரர்கள், இரண்டு வள்ளக்காரர்கள், ஞானமுத்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சந்தியாகு என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியுமா?" என்றார்.

தெரியாது. குறுக்குத்துறையில் நான் குளிப்பது கடைசிப் படியில். ஆனாலும் வண்டியின் நுகத்தடிமேல் காகிதம் வைத்துச் சீட்டு எழுதினேன்: "ஆபீஸ் சிப்பந்தி சந்தியாகுவின் வள்ளத்தில் பிரயாணம் செய்கிறார்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஞானமுத்து அதை இரண்டு தடவை படித்து, மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். சக்கரம் சுற்ற ஆட்கள் இல்லை, வண்டிக்காரர்களே சுற்றினார்கள். எல்லாரையும்விட ஆவேசமாகச் சுற்றியவர் சுடலைமுத்து. என்னை இரண்டு பேர் தூக்கி வெற்றிலைக் கட்டுகளின்மேல் வைத்தார்கள், நைவேத்தியம் வைப்பதுபோல.

கழி ஒன்றரை மைல். அதுவரை சுகம்தான். முகத்துவாரத்தில் அலை எழும்பியபோது நான் கட்டுகளை விட்டுவிட்டுச் சந்தியாகுவின் காலைக் கட்டிக்கொண்டேன். வள்ளத்தின் அடி ஓரிடத்தில் மணலை உரசி, கிர்ரென்று ஒரு சத்தம். அவர் முகம் இறுகிவிட்டது. மூங்கில் கம்பைக் கீழே ஊன்றி, முழு உடம்பையும் அதில் போட்டுத் தள்ளினார். மறுபடி உரசியது. பிறகு இல்லை.

"ஒரு சாண் தண்ணி அண்ணாச்சி" என்றார் மூச்சு வாங்க. "இன்னும் கால் மணி உத்தரவைப் படிச்சிருந்தா இங்கன கிடந்திருப்போம்."

ஆத்தூர் ரசம் அப்போதுதான் என்னைவிட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. தோணியில் கடைசிக் கட்டு ஏறும்போது மணி இரண்டேகால். கூலி எவ்வளவு என்று கேட்டேன். "சிப்பந்திகிட்ட வாங்கலாமான்னு உத்தரவுல இல்லையே" என்று சொல்லிவிட்டு என்னைக் கரையில் இறக்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இரண்டு மைல் நடந்து வண்டியைச் சேர்ந்தேன். அன்று இரவு எட்டரைக்குத் திருச்செந்தூர். சாமி தரிசனம் நல்லபடி நடந்தது. மகத்தன்று கடலில் எல்லாரும் முங்கினார்கள். நான் ஒரு செம்பு மொண்டு தலையில் விட்டுக்கொண்டேன். எனக்கும் கடலுக்கும் நடுவில் அவ்வளவு போதும்.

திரும்பியதும் அதிகாரிக்கு ஒரு குறிப்பு வைத்தேன்: பாலத்து நேரத்தைத் திதிப்படி மாற்றலாம் என்று. "சந்திரனைக் கேட்டு ஆபீஸ் நடத்த முடியாது" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்.

மாதம் பிறந்து, பாலத்து ரிஜிஸ்தர் என் மேஜைக்கு வந்தது. பிரித்தேன். நான் பயணம் போன நாளுக்கு நேரே, "ஆபீஸ் சிப்பந்தி பிரயாணம், வெற்றிலை வள்ளம், மணி ஒன்று." சரி. அடுத்த நாள்: "ஆபீஸ் சிப்பந்தி பிரயாணம், மணி ஒன்றே முக்கால்." அதற்கடுத்த நாள்: "இரண்டரை." இப்படியே பக்கம் முடியுமட்டும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தினந்தோறும் கடலுக்குப் போய் வந்திருக்கிறேன். பின்னால் சுடலைமுத்து போய் விசாரித்துவந்து சொன்னார்: ஞானமுத்து தினமும் கூட்டைத் திறந்து சீட்டைப் பார்ப்பாராம். சீட்டு இருக்கிறது, ஆகவே சிப்பந்தி இருப்பார்; சாக்கை விலக்கித் தேடும்படி உத்தரவில் எழுதவில்லை என்பாராம்.

ரிஜிஸ்தரை மறைக்க வழியில்லை. அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நேரங்களின்மேல் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனார். ஒன்று, ஒன்றே முக்கால், இரண்டரை, மூன்றேகால். "இந்தச் சிப்பந்தி தினம் முக்கால் மணி பிந்திக் கிளம்புகிறாரே, ஏன்?" என்றார். விரல் மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தது. "பஞ்சாங்கம் இருக்கிறதா ஓய்?" என்றார்.

இப்போதுள்ள ஏற்பாடு இது. பகலில் ஏறும் தண்ணீருக்கு ஒன்றரை மணி நேரம் பாலம் தூக்கியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் காலை மாலை முக்கால் மணி வீதம். நான்கு ஆட்களும் வருவது அந்த நேரத்துக்குத்தான். ஆபீஸுக்குச் செலவு முன்னைவிடக் குறைவு. வெற்றிலை இன்றுவரை வள்ளத்தில்தான் போகிறது. இந்தத் தடவை பேஷ் வரவில்லை. நாலாவது பாராவும் வேண்டாம் என்று அடித்துவிட்டார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் புறப்படுமுன் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளவும். அமாவாசை, பௌர்ணமி என்றால் பன்னிரண்டுக்கு முன்பே பாலத்தைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் நிற்க நேரும். பக்கத்தில் நிழல் கிடையாது. குடிதண்ணீர் ஆத்தூரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது உத்தரவு எழுதினவனைத் திட்டுவது அங்கே வழக்கம், தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். வள்ளத்தில் ஏறுவதானால் ஆத்தூரில் ரசம் வேண்டாம்.

அந்தச் சீட்டில் தேதி போடாதது எப்படி என்று அதிகாரி கேட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் தேதி இல்லாமல் நான் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதினதில்லை என்பது அவருக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லி வைக்கிறேன்.