என் அம்மாவின் கறுப்பு

என் அம்மா கறுப்பு. மாநிறம் இல்லை, புதுநிறம் இல்லை, நல்ல கறுப்பு. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் களத்தில் வெயிலில் நெல் கிளறி வந்த கறுப்பும் இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னால், ஏதோ அம்மாவைத் திட்டிவிட்டது போல உறவுக்காரர்கள் என் வாயைப் பொத்த வருகிறார்கள்.

தம்பி கல்யாண ஆல்பம் வந்தபோது அதில் அம்மா அவித்த உருளைக்கிழங்கு நிறத்தில் இருந்தாள். பக்கத்தில் சிவப்பாக நின்ற சம்பந்தியம்மாவுக்கு ஈடாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோக்காரர் முகத்தை வெளுத்துவிட்டிருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது யாருடி?" என்று என்னைக் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆல்பத்தை மூடி வைத்தவள் அப்புறம் அதைத் தொடவே இல்லை.

அம்மா அம்மாவாகவே இருக்கும் ஒரு படமாவது வேண்டும். இப்போது அவள் ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். வாடகை வீட்டு மொட்டை மாடியில், நிழலில் உட்காரவைத்து எடுத்தேன். நிறத்தைப் பற்றி யாரும் பேரம் பேச முடியாதபடி கறுப்பு வெள்ளையாக மாற்றி, டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு பிளாக் அண்ட் ஒயிட் எதுக்குங்க? கலர்லயே போட்டு, முகத்தக் கொஞ்சம் வெளுப்பா தூக்கி விட்டுடறேன்," என்றார் கடைக்காரர்.

"தூக்க வேண்டாங்க. இருக்கற மாதிரியே போடுங்க."

தலையை ஆட்டிவிட்டு, தூக்கித்தான் கொடுத்தார். சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு இங்க்ஜெட் பிரின்டர் வாங்கினேன்.

அதில் சாம்பல் மை தனியாக இருந்தும், கலர் மைகளையும் கலந்துதான் அது சாம்பலை உண்டாக்கியது. ஒன்று சற்றுக் கூடினாலும் முகத்தில் தெரிந்துவிடும். முதல் பிரின்ட்டில் அம்மா பச்சை. செட்டிங்கைத் துழாவி, பெரும்பாலும் கறுப்பையும் சாம்பலையுமே எடுக்கும்படி மாற்றினேன். அப்போதும் லேசாகப் பச்சை. ஹால் முழுக்க வீட்டு ஓனர் அடித்துவைத்த பிஸ்தா பச்சைதான் பேப்பரில் விழுகிறது என்று கண்டுபிடித்தேன். கொடி கட்டி, கணவரின் வெள்ளை வேட்டிகளால் சுவரை மறைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைப்பு. வேட்டிக்குப் பக்கத்தில் பிரின்ட் மஞ்சளாகத் தெரிந்தது. நீலத்தைக் கூட்டினேன். இன்னும் மஞ்சள். இன்னும் கூட்டினேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "அத்தை காவேரில ரொம்ப நேரம் முழுகி எழுந்த மாதிரி இருக்காங்க."

கோபத்தில் பிரின்ட்டையும் ஒரு வேட்டியையும் மாடிக்கு எடுத்துப் போனேன். வெயிலில் இரண்டுமே நீலம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது நான்; பளிச்சென்று இருக்கட்டும் என்று எப்போதும் கூடுதலாக ஊற்றுவதும் நான். அதை வெள்ளை என்று நம்பி அம்மாவை அளந்திருக்கிறேன். சம்பந்தியம்மாவை வைத்து அவளை வெளுத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது.

கூட்டிய நீலத்தை எல்லாம் எடுத்தேன். புதுப் பிரின்ட்டை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மாடி நிழலில், அதே பேப்பரின் அச்சடிக்காத ஓரத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சை இல்லை, நீலம் இல்லை. கன்னத்தில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மூக்குத்தி மட்டும் வெள்ளையாக மின்னியது. பெரிதாகச் சட்டம் போட்டு, ஹாலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் மாட்டினேன். பச்சைச் சுவரில்தான். சுவர் எப்படி இருந்தால் எனக்கென்ன, படம் சரியாக இருந்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, துறையூரிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "உயிரோட இருக்கறவள எதுக்குடி இப்படி மாட்டி வெச்சிருக்க? மாலை போடறது ஒண்ணுதான் பாக்கி."

நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து படத்துக்குக் கீழே நின்றாள்.

"இது நான்," என்றாள் தங்கையிடம். "மாலை போடணும்னா கல்யாண ஆல்பத்துல ஒருத்தி இருக்கா, அவளுக்குப் போடு."