பெண் கேட்கப் போய் ஜெபம் செய்துவிட்டு வந்தவன்

எங்கள் சபையில் கல்யாணத் தரகர் என்று யாரையும் சொல்ல மாட்டார்கள். அது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். அதனால் என்னை ‘வரன் விஷயத்தில் கர்த்தர் பயன்படுத்துகிற அண்ணன்’ என்பார்கள். வேலை என்னவோ அதேதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு அம்மா பைபிளுக்குள்ளிருந்து மகளின் போட்டோவை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதை எடுத்துப் பார்த்து, “இது யாரு புதுசா?” என்று கேட்பாள். நான் விளக்கம் சொல்வேன். நம்பியதாகக் காட்டிக்கொள்வாள்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. பயோடேட்டாவைப் பிழையில்லாமல் எழுதித் தருவேன் என்பதில் தொடங்கியது. ‘இரட்சிக்கப்பட்ட, நல்ல நிறமுள்ள பெண் தேவை’ என்று எழுதச் சொல்வார்கள். பாவமும் போயிருக்க வேண்டும், கறுப்பும் போயிருக்க வேண்டும். எழுதித் தருவேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. முப்பத்தைந்து வருடம் தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். மாட்டேன் என்றால் ஏன் மாட்டேன் என்பதற்கு ஸ்டெப் போட்டுக் காட்டச் சொல்வார்களோ என்று ஒரு பயம்.

உண்மையில் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லாதவன். அதற்கு ஒரு காரணம் உண்டு. முப்பத்து மூன்று வருடம் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சபைப் பாடகர் குழுவில் நானும் என் நண்பனும் ஆண்கள் வரிசையில் நிற்போம். அவனுக்கு நல்ல குரல். என்னைச் சேர்த்துக்கொண்டது வரிசையில் ஆள் குறையாமலிருக்க. எதிர் வரிசையில் ஒரு பெண், புதிதாக டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குள் அவனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. பேசிக்கொண்டது குறைவு. சுருதி பிசகும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நின்றதால் சுருதி அடிக்கடி பிசகியது. அந்த வகையில் எனக்கும் அதில் பங்கு உண்டு.

பெண் கேட்க வீட்டுப் பெரியவர்கள் போவதற்கு முன்னால், இஷ்டம் உண்டா இல்லையா என்று நாடி பார்த்து வர ஒருவர் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஊரில். “நீ போய்க் கேட்டுட்டு வாடா. உனக்குத்தான் நல்லா பேச வரும்” என்றான். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அவ்வளவு தவறாகக் கணித்ததில்லை.

அவளுடைய அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அவரே கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. அவர் என் ஸ்கூலைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். ரயில்களைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “அப்புறம், தம்பி?” என்றார்.

அந்த இடத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், ஸ்டேஷனிலிருந்து அவர் வாசல் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். வாயில் மிச்சமிருந்த முறுக்கோடு அதுவும் உள்ளே போய்விட்டது. அவர் மாட்டேன் என்றால் என்ன செய்வது, அதைத் திரும்பிப் போய் அவனிடம் எப்படிச் சொல்வது என்று உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? “ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பட்டுமா ஐயா?” என்றேன்.

எங்கள் வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வந்தவர் ஜெபம் பண்ணிவிட்டால் வந்த காரியம் முடிந்தது என்று அர்த்தம். ஆமென் சொன்ன பிறகு யாரும் மறுபடி உட்காருவதில்லை. செருப்பைத் தேட வேண்டியதுதான்.

கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினேன். அந்த வீட்டுக்காக, அவருடைய ரத்த அழுத்தத்துக்காக, தாம்பரத்துத் தண்ணீர்க் கஷ்டத்துக்காக, என்னுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுக்காக. மூச்சு வாங்கிய இடத்தில் பழக்கதோஷத்தில் அந்த வழக்கமான வரியும் வந்து விழுந்தது: “இந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற துணையை ஏற்ற காலத்தில் கொடும் ஆண்டவரே.” அவர் ஆமென் சொன்னார். திரைக்குப் பின்னால் சமையலறையிலிருந்தும் ஒரு ஆமென் கேட்டது. சன்னமாக.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அவன் காத்திருந்தான். போனேன், கேட்கவில்லை என்று சொல்லலாம் என்றுதான் வந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், “அவங்கப்பா பிடி கொடுக்கலடா. வேற எண்ணம் இருக்கும் போல” என்றேன். அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்டுச் சரிசெய்துவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. அடுத்த வாரம் விடைத்தாள் திருத்தப் போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் எனக்குப் பொன்னுக்குவீங்கி. அவன் ரோஷக்காரன். பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்தினான். மூன்றே மாதத்தில் ஊரில் அம்மா பார்த்த பெண்ணுக்குத் தாலி கட்டினான். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். வீங்கிய கன்னம் அதற்குள் வடிந்திருந்தது. போட்டோவில் நன்றாகவே இருப்பேன்.

அவளுக்கும் அடுத்த வருடம் கல்யாணமானது. அப்புறம் ஆளுக்கொரு திசை. குறை சொல்ல முடியாத வாழ்க்கை இருவருக்கும். அவள் கணவர் போய் எட்டு வருடமாகிறது. அவன் மனைவி போய் நான்கு. அவன் ஊரப்பாக்கத்தில் தனியாக இருக்கிறான். அவள் பள்ளிக்கரணையில் மகனோடு இருக்கிறாள். போன வருடம் அவள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழைய சபைக்கு வரத் தொடங்கினாள். அவன் மாதத்துக்கு நான்கு ஞாயிறும் வரத் தொடங்கினான்.

நான் எதையும் கவனிக்காத மாதிரி இருந்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் ஒரு நாள் அவன் என் வீட்டுக்கே வந்துவிட்டான். “அவளுக்கு இஷ்டம்தான்னு நினைக்கிறேன். நேரா கேட்கக் கூச்சமா இருக்கு. அப்ப நீதான போனே, இப்பவும் நீயே போ” என்றான். எனக்கு வயதாகிவிட்டது, மூட்டுவலி, வேறு யாரையாவது பார் என்றெல்லாம் சொன்னேன். “பேசுறதுக்கு மூட்டு எதுக்குடா?” என்றான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னான்.

“அவங்கப்பா மேல எனக்கு இன்னும் கோபம் தீரலடா. செத்துப்போன மனுஷன். அடக்கத்துக்குக்கூட நான் போகல. என்ன குறையைக் கண்டார் எங்கிட்ட?”

 கோழைத்தனத்தில் சொன்ன ஒரு பொய் என்றுதான் அதுவரை என்னைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன். ஒரு நல்ல மனிதர் கல்லறைக்குள்ளும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த முறை அவள் சபைக்கு வந்தபோது, கூட்டம் கலைந்த பிறகு மரத்தடி பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன், சிக்னலைப் பற்றிப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, “அண்ணா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அன்னைக்கு எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?” என்றாள்.

சொன்னேன். வியர்வை, முறுக்கு, டீக்கடை, எதையும் விடாமல் சொன்னேன். நடுவில் சிரிக்கவைக்க ஒன்றிரண்டு இடத்தில் முயன்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு எங்கப்பா சலவைச் சட்டை போட்டுக்கிட்டு மூணு மணியிலேருந்து உக்காந்திருந்தார்” என்றாள். “சரின்னு சொல்றதுக்கு. நான் திரைக்குப் பின்னாடி நிக்கிறேன். நீங்க, ஏற்ற துணையை ஏற்ற காலத்தில் கொடும்னு ஜெபம் பண்றீங்க. வேற யாரையாவது பாத்துக்கோங்கன்னு உங்க ஃப்ரெண்டு நாசூக்கா சொல்லி அனுப்பினதாத்தான் நான் எடுத்துக்கிட்டேன். நானும் ஆமென் சொன்னேன்.”

பெஞ்சில் உதிர்ந்து கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன்.

“எங்கப்பா அன்னைக்கு ராத்திரி என்ன சொன்னார் தெரியுமா? ‘பையன் நல்லா ஜெபம் பண்றான்’னார்.”

மன்னித்துவிடு என்றேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “எனக்கு இஷ்டம்தான். ஆனா முதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. எங்கப்பா கெட்ட பேரோட இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் என் பையன்கிட்ட நீங்களே வந்து கேளுங்க. அவன் ஒத்துக்காம நான் செய்ய மாட்டேன்.”

ஊரப்பாக்கத்துக்குப் போனேன். ஒரு ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். உட்கார இடம் கிடைத்திருந்ததால் எழுந்திருக்கவில்லை. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை போட்டுக்கொண்டேயிருந்தான். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தான்.

“சரின்னு சொல்லியிருப்பாரா?”

“சொல்றதுக்குத்தான்டா உக்காந்திருந்தாராம்.”

“அவர் அடக்கத்துக்கு நான் போகல” என்றான். ஏற்கெனவே சொன்னதுதான். இந்த முறை வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். பிறகு வாசலைக் காட்டினான். அடிப்பான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அடித்திருக்கலாம்.

மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. சபையில் வேறு வரிசையில் உட்கார்ந்தான். என் மனைவி என்ன சண்டை என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். “நமக்கு நாடி பார்க்க யாரு வந்தாங்க?” என்று மட்டும் கேட்டாள். என் மாமா என்றேன். “நல்ல வேளை” என்றாள். எந்தப் பக்கத்துக்கு நல்ல வேளை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான்காவது வாரம் அவனிடமிருந்து போன். “ஞாயித்துக்கிழமை நாலு மணி, பள்ளிக்கரணை. நீதான் கேக்கணும்னு அவ சொல்றா. நான் கீழ நிக்கிறேன். உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத.”

பத்துப் பதினைந்து மாடிகள் உள்ள குடியிருப்பு. அவன் பழப்பையோடு கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான். வாட்ச்மேன், “இன்னா சார், இவரு மட்டும் மேல போறாரு, நீ இங்கயே நின்னுகினு கீற?” என்றார். அவன் பழப்பையைக் கை மாற்றிக்கொண்டான். நான் லிஃப்டில் ஏறினேன்.

அவளுடைய மகன் மரியாதையான பையன். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி அட்டையைத் தேடத் தோன்றும்படியான ஆள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூட்டுவலி எப்படி என்று கேட்டான். பால்கனிக்குக் கூட்டிப்போய்ச் சதுப்பு நிலத்தில் வந்திறங்கியிருந்த பறவைகளைக் காட்டினான். எனக்குக் கொக்கையும் நாரையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஹாலில் அவன் அப்பாவின் போட்டோ, கீழே சின்ன விளக்கு. காப்பி வந்தது. நான் தொடவில்லை.

பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “சரி அங்கிள், ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புறீங்களா?” என்றான்.

எவ்வளவு பணிவாகச் சொன்னான். அந்த வித்தையில் நான் அவனுக்கு ஆசான். கண்ணைக்கூட அவனே முதலில் மூடிவிட்டான்.

“தம்பி, கண்ணைத் திற. ஜெபம் அப்புறம்” என்றேன். “என் நண்பனுக்கு உங்கம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு விருப்பம். அவங்களுக்கும் விருப்பம். உனக்குச் சம்மதமா?”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் அந்த வாக்கியம். பத்து விநாடிகூட ஆகவில்லை.

அவன் அப்பாவின் போட்டோவைப் பார்த்தான். சமையலறையிலிருந்து அவள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தாள். “அது அங்கேயேதான் இருக்கும்டா” என்றாள். “அவர் உன் அப்பா. அதை யாரும் எடுக்கப்போறதில்ல.”

“ஆபீஸ்ல, சொந்தக்காரங்ககிட்ட நான் என்னம்மா சொல்றது?”

“எங்கம்மாவுக்குக் கல்யாணம்னு சொல்லு.”

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். சதுப்பு நிலத்தைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். “அங்கிள், கேட்டுக்கிட்ட பையோட நிக்கிறாரே, அவரா?”

“அவன்தான்.”

“எவ்வளவு நேரமா நிக்கிறார்?”

நாக்கு நுனிவரைக்கும் ஒரு பதில் வந்தது. அந்த மாதிரிப் பதில்களால்தான் எனக்கு நகைச்சுவையாளன் என்று பேர். விழுங்கிவிட்டு, “நாலு மணியிலேருந்து” என்றேன்.

பையன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனான். அவள் எழுந்து அடுப்பில் மறுபடி பால் வைத்தாள். கொஞ்சம் கீழே சிந்தியது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

லிஃப்ட் திறந்தபோது பழப்பை பையனின் கையில் இருந்தது. நண்பன் உள்ளே வந்து, போட்டோவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றான். பிறகு எனக்கு எதிர் மூலையில் உட்கார்ந்தான். ஓலை எந்த மூன்று ஞாயிறு வாசிப்பது என்பதை மட்டும் பையன் கேட்டான். கல்யாண அறிவிப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காப்பி குடித்து முடித்ததும் பழக்கத்தில் என்னைப் பார்த்து, “அங்கிள், இப்ப ஜெபம் பண்ணுங்க” என்றான்.

“அவன் வேணாம்” என்றான் நண்பன். “நான் பண்றேன்.”

கண்ணை மூடினோம். அவன் அவளுடைய கணவரை நினைத்து ஸ்தோத்திரம் சொன்னான். தன் மனைவியை நினைத்துச் சொன்னான். பையனுக்காகக் கேட்டான். பிறகு அவளுடைய அப்பாவைப் பற்றி, இத்தனை வருடம் அவரைத் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அடுத்து ஜெபத்தில் நான் வருவேன் என்று காத்திருந்தேன். திட்டியாவது ஒரு வரி. கீழே இருந்த வாட்ச்மேன்கூட அந்த ஜெபத்தில் வந்தார். நான் வரவில்லை.

அவன் முடித்தான். நான் ஆமென் சொன்னேன். தேட வேண்டியிருக்கவில்லை, செருப்பு வாசலிலேயே இருந்தது.