நிறுத்திட்டாராம்

கிரீஸ் கன்னின் முனையை நிப்பிளில் பொருத்தி இரண்டு அழுத்து அழுத்துகிறார் பகலவன். வழிந்ததை விரலால் வழித்துக் கைலியில் துடைத்துக்கொள்கிறார். அறுப்பு மெஷினின் பெல்ட்டில் காய்ந்து கிடக்கும் சேற்றைக் குச்சியால் குத்திக் குத்தி எடுக்கிறார். பிறகு மேலே ஏறி, ஓட்டுநர் இருக்கையைத் துடைத்து, அதில் உட்காருகிறார். லீவர் எதையும் தொடுவதில்லை. கொஞ்ச நேரம் எதிரே பார்க்கிறார். எதிரே சுவர்தான் இருக்கிறது. இறங்கிவிடுகிறார். வண்டியின் சாவி, முதலாளி ரெத்தினத்தின் சட்டைப் பையில்.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரம் எங்கள் ஊர். என் வீட்டு மாடியிலிருந்து ரெத்தினத்தின் கொட்டகை நன்றாகத் தெரியும். ஆகையால் இதைப் பல மாதங்களாகப் பார்த்துவருகிறேன். வண்டி ஓட்ட ஆத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து ஏறும்போது பகலவன் ஒதுங்கி நின்று, “பிரேக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்ண்ணே” என்று மட்டும் சொல்வார்.

பகலவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. ஊரில் இன்னமும் ‘நல்ல பையன்’ என்றுதான் பெயர். முப்பத்தெட்டு வயதில் ஒருவரைப் பையன் என்றால் என்ன பொருள் என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அவருடைய அப்பா செல்லதுரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்து மகனைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தவர். அந்தத் தெருவில் முதல் டிப்ளமா அதுதான். கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பேச்சுக் கேட்டவர் என்பதால் பெயரும் அப்படி வைத்தார். “சூரியன்னு பேரு வெச்சேன் தம்பி” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். “பதினோரு மணிக்குத்தான் உதிக்குது.”

பழக்கம் சென்னைப் பக்கம் ஓரகடத்தில் தொடங்கியது. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. “நைட் ஷிப்ட் முடிச்சா பகல்ல தூக்கம் வராது சார். ரூம்ல ஒருத்தன் குடுத்தான். தூக்கம் வந்துச்சு.” பிறகு ஷிப்டிலும் தூக்கம் வந்தது. கூடச் சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆனார்கள், சிலர் சிங்கப்பூர் போனார்கள். இவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது மறுபடி வரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பினார். சரக்கு மன்னார்குடியிலேயே கிடைத்தது.

கஞ்சா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மூலிகை என்பார். “குடிக்கிறவன் வீட்டுக்குப் போயி பொண்டாட்டிய அடிக்கிறான் சார். நான் யாரையாச்சும் ஒரு கடுஞ்சொல்லு சொல்லிருக்கேனா?” சொன்னதில்லை. இதில் அவரை மறுக்க முடியாது.

திட்டங்களுக்குக் குறைவே இல்லை. காளான் வளர்க்கக் கொட்டகை போட்டார். காளான் விதைப் பொட்டலத்தை எதிர்வீட்டுக் குளிர்பெட்டியில் கொடுத்துவைத்தார். அவர்கள் பெட்டியை மாற்றும் வரை அது அங்கேயே இருந்தது. பிறகு வாத்து வாங்கினார். அறுத்த வயலில் மேயவிட்டு, வரப்பில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் பெரிய வாத்துக் கூட்டம் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இவருடைய வாத்துகள் அதோடு சேர்ந்து கீழ்வேளூர்ப் பக்கம் போய்விட்டன. போய்ப் பிடித்து வரக்கூடாதா என்று கேட்டேன். “அதுங்களுக்கு அந்தக் கூட்டம் பிடிச்சிருக்கு சார். எதுக்குப் பிரிச்சுக்கிட்டு” என்றார்.

மனைவி மலர்க்கொடி மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டும் வேலை. சண்டை போட்டுப் பார்த்துவிட்டுச் சில வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகச் சொல்வதை நிறுத்தினார். கேஸ் தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது, தன் தம்பிக்குப் பெண் பார்த்தது எதுவும் பகலவனுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் “ஆவட்டும்” என்பார், மறந்துவிடுவார். பிறகு ஊரும் அந்த முறைக்கு வந்தது. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் மலர்க்கொடி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்கள். வாசலிலேயே பகலவன் உட்கார்ந்திருந்தாலும், “வீட்ல இல்லீங்களா?” என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போனார்கள்.

அறுப்பு மெஷின் ஓட்டுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாய்ந்த பயிரைக்கூட அடியோடு வழித்து எடுப்பார். இரண்டு குறுவைக்கு முன்னால் ரெத்தினத்தின் வண்டியில் ராமாயியின் குத்தகை நிலத்தில் அறுத்துக்கொண்டிருந்தார். ராமாயி அதே தெரு. இவருக்கு அத்தை முறை, கணவர் இல்லை. பாதி வயல் அறுத்தாகிவிட்டது. பகலவன் வண்டியை நிறுத்தி இறங்கினார். “இந்தா வர்றேன் அத்தே” என்று சொல்லிவிட்டு, வயலின் கீழ்க்கோடியில் வாய்க்கால் ஓரம் இருக்கும் மூங்கில் கொத்துக்குள் போனார்.

ராமாயி கூப்பிட்டுப் பார்த்தார். போன் செய்தார்கள், மணி வண்டிக்குள்ளேயே அடித்தது. மழை தொடங்கிய பிறகு மூங்கில் அடியில் கண்டுபிடித்தார்கள். மல்லாந்து படுத்திருந்தார். தூங்கவில்லை. “மேகம் வர்றதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சார்” என்று பிறகு என்னிடம் சொன்னார். “வருது, வருதுன்னு தெரியுது. எந்திரிக்கணும்னு தோணல.”

மழை விடவில்லை. மீதிப் பயிர் தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ராமாயி முளைத்த கதிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார். அந்த வருடம் கல்லூரியில் சேர இருந்த அவருடைய மகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். ரெத்தினம் கத்தவில்லை. “சாவியக் குடு பகலு” என்றார். பகலவன் கொடுத்தார். மறுநாளும் கொட்டகைக்கு வந்தார். போகச் சொல்ல ரெத்தினத்துக்கு மனம் வரவில்லை. கிரீஸ் கன்னைக் காட்டினார்.

இவ்வளவுக்கும் பழக்கம் நிற்கவில்லை. நின்றது வேறு விஷயத்தில்.

மகள் அறிவுமதி பதினோராம் வகுப்பு. தாத்தாவின் நாக்கு அவளுக்கு வந்திருக்கிறது. போன தை மாதம் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்தாள். அதிசயமாகப் பகலவன் கவனித்துவிட்டார்.

“என்னம்மா தலைப்பு?”

“சுற்றுச்சூழல்ப்பா.”

“நல்ல தலைப்பு” என்றார்.

அவளுடைய தமிழ் ஆசிரியை என் மனைவி. அடுத்த வாரம் கடைத்தெருவில் பகலவனைப் பார்த்ததும், பாராட்டிவிடுவோம் என்று நின்றிருக்கிறாள். அவருடைய பழக்கம் ஊருக்கே தெரிந்தது. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருடமானவளுக்கு அது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் சொன்னதில்லை.

“உங்க பொண்ணு கஞ்சாவப் பத்தி என்னமா பேசுனா தெரியுமா? ஒருத்தரு அசையலங்க!”

பகலவன், “என்ன பேசுச்சு டீச்சர்?” என்று கேட்டிருக்கிறார்.

“‘ஒருநாளும் கோபப்படாத ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்’னு ஆரம்பிச்சா. என்ன கற்பனை பாருங்க!”

“நல்லா பேசும் டீச்சர். அவங்க தாத்தா மாதிரி” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டாராம்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறித் தனியாக அரசு மருத்துவமனைக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அது வழக்கமாகிவிட்டிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், தொடர்ந்து வரச் சொன்னார்கள். தொடர்ந்து போனார். முதல் சில வாரங்கள் மோசம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சோறு குழைந்துவிட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். கல்யாணமாகி அவர் கத்திக் கேட்டது அதுதான் முதல் தடவை. அறிவுமதி பயந்து எழுந்துவிட்டாள். மலர்க்கொடி சிதறியதைக் கூட்டி அள்ளிக்கொண்டே, “கோவம் வருதே! வரட்டும், வரட்டும்” என்றாராம். மறுநாள் காலையில், போகிற போக்கில், “கேஸ் தீரப்போவுது, சொல்லி வைங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பகலவன் அன்றைக்கே சொல்லிவைத்தார்.

ஊர் அவ்வளவு சீக்கிரம் வருவதாக இல்லை. “பகலவன் நிறுத்திட்டாராம்” என்கிறார்கள். நிறுத்திவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் அந்த ‘ஆம்’ ஒரு சின்ன ஒட்டுதான். அதைப் பிடுங்குவதற்குள் உயிர் போய்விடும் போலிருக்கிறது. டீக்கடையில் அவர் சிரித்தால் கண்ணைப் பார்க்கிறார்கள். சிரிக்காவிட்டாலும் பார்க்கிறார்கள். மன்னார்குடியில் ஒரு பட்டறையில் ஆள் தேவை என்று போய்க் கேட்டார். டிப்ளமாவுக்குப் பிறகு இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்றார்கள். “ஊர்லதான் சார் இருந்தேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இந்த ஐப்பசியில், குறுவையின் கடைசி அறுப்பு நேரத்தில், ஆத்தூர்க்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. காலையிலேயே ராமாயி கொட்டகைக்கு வந்து நின்றார். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சேற்றைக் குத்திக்கொண்டிருந்த பகலவன் எழுந்திருக்கவில்லை.

“ஆளு இல்லக்கா” என்றார் ரெத்தினம். “வேற மெஷினும் சுத்துவட்டாரத்துல இல்ல. இவன்தான் இருக்கான். நீங்க சொன்னாத்தான்.”

ராமாயி வானத்தைப் பார்த்தார். “வேற யாரு இருக்கா? எடுக்கச் சொல்லு.”

பகலவன் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார்.

நானும் வயலுக்குப் போனேன். வேலை இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். என்னைப் போல வேலையில்லாத பலர் குடையோடு வரப்பில் நின்றார்கள். வண்டி மேற்கே போகும்போது பேசிக்கொண்டோம். கீழ்க்கோடிக்குப் போகும்போது பேச்சு நின்றுவிடும். எல்லோரும் மூங்கில் கொத்தைப் பார்ப்போம். வண்டி அதன் ஓரம் வரை போகும், திரும்பும். மறுபடி பேசுவோம். அறிவுமதி பள்ளிக்குப் போகாமல் சீருடையோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மழை சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் நெல் டிராக்டர் ஏறிப் போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்ததை.

உச்சி வேளை. பாதி வயல் முடிந்திருந்தது. கடையிலிருந்து டீ வந்தது. எங்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். ரெத்தினம் கையைத் தட்டி வண்டியைக் கூப்பிட்டார். பகலவன் வண்டியை வரப்பருகே கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, இறங்குவதற்காகக் காலை எடுத்தார்.

“இறங்காத பகலு” என்றார் ராமாயி.

டம்ளரை வாங்கிக்கொண்டு சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினார். சேற்றில் இறங்கி நடந்து, அதிரும் வண்டியின் இரும்புப் படியில் ஏறி, டீயை நீட்டினார். பகலவன் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். அவர் குடித்து முடிக்கும் வரை ராமாயி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, முந்தானையால் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த நெல் தூசியைத் துடைத்துவிட்டு இறங்கினார்.